கரும்புக்குள் ஒரு குரல்

நிமிடத்துக்கு ஒரு தடவை. அதுவும் ஒரு நொடிகூட முழுதாக நீடிக்காது. துருப்பிடித்த தகரத்தில் ஆணியை இழுத்தது போல ஒரு கரகரப்பு, உடனே அமைதி. அடுத்த கரகரப்பு வரும்வரை ஏழு பேரும் பேசாமல் நின்றோம். போன ஜூலை, ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் வடகரையில், டார்னல் ஊரைத் தாண்டி ஒரு கரும்புக்காட்டின் ஓரம். பலூனில் கட்டி மேலே அனுப்பிய எங்கள் ரேடியோப் பெட்டி அதற்குள் எங்கேயோ கிடந்தது. இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் அது 31 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபோது பிரிட்டோரியாவில் இருப்பவர்களுக்குக் கேட்டது. இப்போது ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிற எங்களுக்கே விட்டுவிட்டுத்தான் கேட்கிறது.

நான் திருநெல்வேலிக்காரன். டர்பனுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. தொலைத்தொடர்புக் கருவிகளோடு பிழைப்பு. ஊரில் இருக்கும்போதே ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் பைத்தியம், பிடித்துவிட்டது. இங்கே வந்து பரீட்சை எழுதி, இந்த மாகாணத்துக்கு உரிய இசட்.எஸ்.5 அழைப்புக்குறியும் வாங்கினேன். சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளியில் மாணவர் ஹாம் குழு ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அங்கே போவேன். பிள்ளைகளில் பாதிக்கு மேல் தமிழ் வழி வந்தவர்கள். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலும், அதற்குப் பின்னால் வந்த கப்பல்களும் இறக்கிவிட்ட ஒப்பந்தக் கூலிகளின் வம்சத்துப் பிள்ளைகள். பேச்செல்லாம் ஆங்கிலம்தான். தாத்தா, ஆயா, ரசம், காவடி என்று சில சொற்கள் மட்டும் வீட்டில் தங்கியிருக்கின்றன. எனக்கு அவர்களிடம் தமிழ் பேசக் கிடைப்பதில்லை. ஆனால் அவர்களுடைய தாத்தாக்களிடம் கிடைக்கும். அப்படி ஒரு தாத்தா இந்தக் கதையில் வருகிறார்.

பலூன் விடுவது என்றதும் எல்லோரும் கேட்பது போட்டோவைத்தான். கறுத்த வானம், கீழே வளைந்த நீல விளிம்பு. பள்ளியில் மாட்டி வைக்க நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் ரேடியோக்காரர்களாக மாறுவது பலூன் மேலே போகும்போது இல்லை, பெட்டி கீழே விழுந்த பிறகுதான் என்பது நான் பார்த்துப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்ட விஷயம்.

ஏன் என்று சொல்கிறேன். நாங்கள் பயன்படுத்துவது 144.800 மெகாஹெர்ட்ஸ். ஏ.பி.ஆர்.எஸ். என்ற முறை. ஜி.பி.எஸ். கருவி சொல்லும் இடத்தையும் உயரத்தையும் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர் சத்தமாக மாற்றி, நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும். சக்தி 300 மில்லிவாட். சாவிக்கொத்தில் மாட்டுகிற டார்ச்சுக்கு ஆகிற அளவுதான். இந்த அலைவரிசையில் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும், மலையையோ பூமியின் வளைவையோ சுற்றிக்கொண்டு வராது. ஆகவே எவ்வளவு உயரத்தில் இருக்கிறோமோ அவ்வளவு தூரம் கேட்கும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் ரேடியோவின் அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். 31,000 மீட்டருக்கு 725 கிலோமீட்டர். கையில் இரண்டு மீட்டர் உயரத்தில் பிடித்துக்கொண்டு நின்றால் 6 கிலோமீட்டர்கூடத் தேறாது. அதுவும் வெட்டவெளியாக இருந்தால். இடையில் பச்சைக் கரும்பு நின்றால் அதுவும் போச்சு.

அதாவது மேலே இருக்கும்போது பெட்டியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கீழே விழுந்துவிட்டால் அதைத் தேடிப் போகிறவருக்கு மட்டும்தான் கேட்கும்.

இது எங்களுக்கு இரண்டாவது பலூன். முதலாவது அதற்கு முந்தைய ஆண்டு போனது. 12,000 மீட்டர் வரை அழகாக இடம் சொல்லிக்கொண்டு போனது, அதற்குமேல் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னது. டிரான்ஸ்மிட்டர் உயிரோடு இருக்கிறது, வெப்பநிலை மாறுகிறது, பேட்டரி அளவு மாறுகிறது, இடம் மட்டும் உறைந்துபோய் நிற்கிறது. குளிரில் ஜி.பி.எஸ். செத்துவிட்டது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரவு உட்கார்ந்து யூ-பிளாக்ஸ் என்ற அந்த ஜி.பி.எஸ். கருவியின் கையேட்டைப் படித்தபோதுதான் விளங்கியது. அந்தச் சில்லு தரையில் நடப்பவனுக்கு, காரில் போகிறவனுக்கு, விமானத்தில் பறக்கிறவனுக்கு என்று பல கணக்குமுறைகளை வைத்திருக்கிறது. கடையிலிருந்து வரும்போது இருக்கும் முறையில் 12 கிலோமீட்டருக்கு மேலே இருப்பதாகத் தெரிந்தால் அதை நம்பாது. பறக்கும் முறைக்கு மாற்ற ஒரே ஒரு கட்டளை அனுப்ப வேண்டும். மாற்றினால் 50 கிலோமீட்டர் வரை சொல்லும். நாங்கள் அனுப்பவில்லை. பெட்டி கடலில் விழுந்ததா, காட்டில் விழுந்ததா, இன்றுவரை தெரியாது.

அந்தப் பெட்டியில் கைகர் குழாய் ஒன்றும் வைத்திருந்தோம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்களை எண்ணுவதற்கு. 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் 5 கிலோமீட்டருக்கு மேலே ஏறிப்போய், உயரம் கூடக் கூடக் கதிர்வீச்சு கூடுவதைக் கண்டார். அதே வேலையை ஒரு பதினாறு வயதுப் பெண் தெர்மோகோல் பெட்டியில் செய்கிறாள். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், ஓர் உயரத்துக்கு மேல் இறங்கத் தொடங்கியது. குழாயும் கெட்டுவிட்டது என்று அவள் முகம் சுண்டிப்போனது. கெடவில்லை. வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதிச் சிதறிப் பெருகுவது ஏறக்குறைய 18, 20 கிலோமீட்டர் உயரத்தில்தான் உச்சம். அதற்கு மேலே மோதுவதற்குக் காற்றே குறைவு. 1930-களில் ரேகனரும் ஃபோட்சரும் கண்ட உச்சம் அது. எந்த உயரத்தில் என்று எங்களால் சொல்ல முடியவில்லை, உயரம்தான் உறைந்துவிட்டதே. ஆனால் ஏறி இறங்கிய அந்த வளைவு ரேடியோவில் வந்து பத்திரமாக இருந்தது.

அதனால்தான் இரண்டாவது முறை ஒருவர் கேட்டார்: “விவரமெல்லாம் ரேடியோவிலேயே வந்துவிடுகிறது, பெட்டி போனால் போகட்டுமே, எதற்கு இரண்டு வண்டியும் டீசலும்?” நல்ல மனசோடு கேட்டதுதான். என் பதில்: அடுத்தவர் நிலத்தில் பேட்டரியையும் ரப்பரையும் போட்டுவிட்டு வருவது முறையில்லை. அதைவிட முக்கியம், பிள்ளைகள் தேடக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த நாட்டில் 1999-இலேயே ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழக மாணவர்கள் சன்சாட் என்ற துணைக்கோளைக் கட்டி விண்ணுக்கு அனுப்பி, அதில் ஹாம் ரேடியோவும் வைத்திருந்தார்கள். நானும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் துணைக்கோளைத் தேடிப் போய்த் தொட முடியாது. பலூன் பெட்டியைத் தொடலாம்.

டர்பனிலிருந்து பலூன் விட முடியாது. குளிர்காலத்தில் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் ஜெட் காற்று நம் தலைக்கு மேலேயே போகிறது. கரையில் விட்டால் நேரே இந்தியப் பெருங்கடல். ஆகவே உள்நாட்டுக்குப் போக வேண்டும். மூயி ரிவர் பக்கம் ஒரு பண்ணைக்காரர் இடம் கொடுத்தார். விமானப் போக்குவரத்து அனுமதி, விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்பு எல்லாம் முன்பே வாங்கியாயிற்று. இதில் ஒரு காகிதம் குறைந்தாலும் நான் வண்டியைக் கிளப்ப மாட்டேன். கீழே கிங் ஷாகா விமான நிலையம் இருக்கிறது.

காலை ஆறரைக்குப் புல்லெல்லாம் வெள்ளைப் பனி. கையுறை போட்டுக்கொண்டு 1200 கிராம் லேடெக்ஸ் பலூனைத் துணிமேல் விரித்தோம். ஹீலியம் ஏற ஏற அது பூசணிக்காய் மாதிரி எழுந்து நின்றது. கழுத்தில் தராசைக் கட்டி எவ்வளவு எடையைத் தூக்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. பலூன் பக்கவாட்டில் சாய்ந்து இழுக்க, தராசு முள் ஆடியது. ஆடுகிற முள்ளைப் பார்த்துப் போதும் என்று சொன்னது நான்தான். அங்கேதான் பிசகியது. காற்றின் இழுப்பைத் தூக்குச் சக்தி என்று எண்ணிவிட்டேன். வாயு குறைவு.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குக் கையை விட்டோம். நொடிக்கு 5 மீட்டர் ஏற வேண்டியது, 3.6-இல் ஏறியது. கேட்பதற்குச் சின்ன வித்தியாசம். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் உப்பி வெடிக்க வேண்டிய பலூன் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் காற்றோடு போனது. முதல் நாள் இரவு காற்றுக் கணிப்பை வைத்துப் பார்த்தபோது கிரான்ஸ்காப் பக்கம் விழும் என்று வந்திருந்தது. வண்டியெல்லாம் அங்கேதான் போயிருந்தது. மடிக்கணினித் திரையில் புள்ளிகள் கிரான்ஸ்காப்பைக் கடந்து, மாபுமுலோவைக் கடந்து, கடலை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன. வண்டிக்குள் யாரும் பேசவில்லை. பிரிட்டோரியாவிலிருந்து ஒரு ஆபரேட்டர் “நல்ல பலமாகக் கேட்கிறது” என்று செய்தி போட்டார். பலமாகத்தான் கேட்கும், அவ்வளவு உயரத்தில் இருக்கிறது. 12:24-க்கு 31,400 மீட்டரில் பலூன் உடைந்தது.

ஆர்74 சாலையில் கரையை நோக்கி இறங்கினோம். வளைவுக்கு வளைவு மலை மறைக்கும், பெட்டியின் குரல் போகும், வரும். பாராசூட் விரிந்து இறங்கிக்கொண்டிருந்த பெட்டி 2,000 மீட்டருக்குக் கீழே வந்தபோது எங்களுக்கு அறவே நின்றுவிட்டது. ஹில்கிரெஸ்ட் மேட்டில் வீடு வைத்திருக்கும் வயதான ஆபரேட்டர் ஒருவர் கடைசிவரை கேட்டார். குரலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் நிலையத்தில் வந்து ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தடவை, பொறுமையாக வாசித்தார். அவருக்குக் கிடைத்த கடைசி உயரம் 480 மீட்டர். அதற்கடுத்த நிமிடம் அவருக்கும் கேட்கவில்லை.

இனி கணக்குதான். நொடிக்கு ஐந்தாறு மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. தரைக்கு இன்னும் 400 மீட்டர். ஒன்றேகால் நிமிடம். அந்த ஒன்றேகால் நிமிடம் காற்று எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்? அதுவரை எல்லாப் புள்ளியும் கிழக்கே போனதால், கடைசிப் புள்ளிக்குக் கிழக்கே தேடலாம் என்று பிள்ளைகள் வரைபடத்தில் வட்டம் போட்டார்கள். நானும் தலையாட்டினேன்.

மூத்த மாணவியின் தாத்தா டோங்காட்டிலிருந்து தன்னுடைய பக்கியோடு வந்து ஸ்டாங்கரில் எங்களைச் சந்தித்தார். பிக்கப் வண்டிக்கு இங்கே பக்கி என்று பெயர். ஊருக்கு இப்போது குவாடுகுசா என்று பெயர், அவர் வாயில் இன்னும் ஸ்டாங்கர்தான். எழுபத்தெட்டு வயது. இளவயதில் கரும்பு வெட்டியவர். அவருடைய தமிழ், வட ஆற்காட்டுக் கிராமத்தை அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டியது போல இருக்கும். வரைபடத்தை அவர் பார்க்கவில்லை. தெற்கே தூரத்தில் கரும்புச் சோகை எரிகிற புகையைப் பார்த்தார்.

“தம்பி, பொகையைப் பாரு. கடல் காத்து எப்பவோ வந்துடுச்சு. மேலே எப்படியோ, கீழே வந்தது இந்தாண்டதான் வந்திருக்கும்.”

புகை அடியில் தென்மேற்காகச் சாய்ந்திருந்தது, உச்சியில் போய்த்தான் கிழக்கே திரும்பியது. நாங்கள் மடிக்கணினியில் தேடிக்கொண்டிருந்த விடை வானத்தில் வரைந்து வைத்திருந்தது.

“சரிங்க ஐயா, மேற்குப் பக்கமே போவோம்” என்றேன்.

நிலத்துக்காரர் வீட்டில் கேட்டு, வாயிற்கதவைத் திறக்கச் சொல்லி, வரப்பு வழியாகப் போனோம். பிள்ளைகளே செய்த யாகி ஆண்டெனா இருந்தது: பி.வி.சி. குழாயில் எஃகு அளவு நாடாவைத் துண்டு வெட்டிக் கட்டியது, ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதைப் பிடித்து மெல்லச் சுற்றினால் சத்தம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று தெரியும். ஆனால் சத்தம் நிமிடத்துக்கு ஒரு நொடி. ஒரு நிமிடத்தில் ஒரு திசையை மட்டும்தான் கேட்க முடியும். வடக்கே பிடித்துக்கொண்டு காத்திரு. கேட்டதா, எழுது. கொஞ்சம் திருப்பு, காத்திரு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து விரலை உயர்த்துவான். ஐந்து, நான்கு, மூன்று... கர்ர்க். வீட்டில் ஓர் இடத்தில் நிற்காத பையன் அவன். அன்று முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றான். முதல் இடத்தில் ஒரு கோடு, வண்டியை எடுத்துக்கொண்டு போய் இரண்டாம் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிய இடம் கடைசிப் புள்ளிக்குத் தென்மேற்கே இருந்தது.

கரும்புக்குள் நுழைந்ததும் யாகி பயனில்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கிறது, சாலுக்குச் சால் சோகை பின்னிக் கிடக்கிறது, மீட்டர் நீள நாடா எதிலாவது மாட்டிக்கொள்கிறது. தாத்தா கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே முன்னால் போனார், மாம்பாப் பாம்பு இருக்கும் என்று. அவருக்குப் பின்னால் பேத்தி. முதல் பலூனில் கைகர் குழாய்க்காக முகம் வாடியவள் அவள்தான். அதற்குள் பரீட்சை எழுதி உரிமமும் வாங்கியிருந்தாள்.

யாகியை என்னிடம் தந்துவிட்டுக் கையடக்க ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உடம்பே அலையை மறைக்கும். சத்தம் மிகவும் குறைகிற நேரத்தில் பெட்டி முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரு நிமிடத்துக்குப் பத்தடி, சில சமயம் அதுவும் இல்லை. சோகை விளிம்பு கையெல்லாம் கீறியது. பிறகு ஒரு கட்டத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சத்தம், ஒரே பலம். நெருங்கிவிட்டோம், ஆகவே ரேடியோ திணறுகிறது. இந்த இடத்தில்தான் பல பேர் சுற்றிச் சுற்றி அலைவார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள் ஆண்டெனாவைத் திருகிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த சத்தம் இன்னும் பலமாகவே இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு அலைவரிசையைத் தள்ளிவைத்தாள்: 144.805. அடுத்த நிமிடம் 144.810. அங்கே சத்தம் நூலிழையாக மெலிந்து, மறுபடியும் திசை பிறந்தது. ஆண்டெனாவைக் கழற்றுவது நான் சொல்லிக் கொடுத்தது. அலைவரிசையைத் தள்ளிக் கேட்பதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. எங்கே படித்தாள் என்று பிறகு கேட்டேன். படிக்கவில்லை, முந்தின வாரம் வீட்டில் ரேடியோவை வைத்துக்கொண்டு செய்து பார்த்தாளாம்.

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அவள்தான் நின்று, அண்ணாந்தாள். கரும்பின் தோகைகளில் பாராசூட் கயிறு சிக்கி, பெட்டி எங்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஆண்டெனாக் கம்பி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. தாத்தா கரும்பை வளைத்துப் பிடித்தார், அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். பக்கத்தில் அவர்கள் மூன்று மொழியில் எழுதி ஒட்டிய தாள் அப்படியே இருந்தது: ஆங்கிலத்தில், இசிசூலுவில், தமிழில், இதில் ஆபத்து ஒன்றும் இல்லை, கண்டெடுத்தவர்கள் தயவுசெய்து கூப்பிடுங்கள் என்று. தமிழை அவளே என்னிடம் கேட்டு எழுத்துக்கூட்டி எழுதியிருந்தாள். “தயவுசெய்து” மட்டும் இடம் போதாமல் இரண்டு வரியில் உடைந்திருந்தது.

வரப்புக்கு வந்ததும் அவள் ரிப்பீட்டரில் தன் அழைப்புக்குறியைச் சொல்லி, பெட்டி கிடைத்துவிட்டது என்றாள். ஹில்கிரெஸ்ட் பெரியவர் உடனே பதில் சொன்னார். அதுவரை ரேடியோவை விட்டு எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது. எந்த நிமிடத்தில், எந்த இடத்தில், எவ்வளவு பலத்தில் கேட்டது என்று ஒவ்வொன்றாக விசாரித்து எழுதிக்கொண்டார். கடைசியில் ஹாம்காரர்கள் விடைபெறும்போது சொல்கிற எழுபத்து மூன்று என்று வாழ்த்திவிட்டு, தன் கடைசிப் புள்ளிக்கும் பெட்டி கிடந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். 390 மீட்டர் என்றாள். ஆண்டெனாவை இன்னும் இரண்டு மீட்டர் ஏற்றிக் கட்டியிருந்தால் இன்னொரு புள்ளி கிடைத்திருக்கும் என்றார் அவர்.

பெட்டியின் ஸ்விட்ச் உள்ளே டேப்புக்கு அடியில் இருக்கிறது. அறுக்கக் கத்தி வண்டியில் இருந்தது, யாரும் எடுக்கவில்லை. டோங்காட் வரை பக்கியின் பின்தட்டில் பெட்டி கிடக்க, முன்னால் தாத்தாவின் மடியில் ரேடியோ நிமிடத்துக்கு ஒரு தடவை கரகரத்துக்கொண்டே வந்தது.